80 டிகிரி கிழக்கிலிருந்து 80 டிகிரி மேற்குக்கு

டிசம்பர் 15, ஆலந்தூர்

நாளை மறுநாள் விடியற்காலையில் விமானம். கூடத்தில் நான்கு பெட்டிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 23 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதால் இரண்டு நாளாகத் தூக்கிப் பார்ப்பதும், எடுப்பதும், மறுபடி அடுக்குவதுமாக வீடே கிடக்கிறது. சுண்டைக்காய் வத்தல், ரசப்பொடி, பேரனுக்கு முறுக்கு, மகளுக்குப் பிடித்த மாவடு. உப்புநீர் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் மாவடு பாட்டிலுக்கு மட்டும் என் மனைவி நான்கு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறாள்.

"டொராண்டோ எவ்வளவு தூரம் இருக்கும்?" மகள் அங்கே குடிபோன நாளிலிருந்து மனைவி இந்தக் கேள்வியைக் கேட்காத மாதம் இல்லை. நான் 34 ஆண்டுகள் பூகோளப் பாடம் நடத்தியவன். ஒவ்வொரு முறையும் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று சொல்வேன். தலையை ஆட்டிக்கொள்வாள். அடுத்த மாதம் அதே கேள்வி வரும். அந்த எண் அவளுக்கு எட்டவே இல்லை.

இன்று மாலை அலமாரியின் மேலிருந்த உலக உருண்டையை இறக்கித் துடைத்தேன். பூக்கூடையிலிருந்து பூ கட்டும் நூலைக் கொஞ்சம் வாங்கி, ஒரு முனையைச் சென்னை மேல் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மறுமுனையை டொராண்டோவில் வைத்து நான் இழுத்தேன். அரபு நாடுகளையும் ஐரோப்பாவையும் தாண்டி நூல் நேராகப் போகும் என்று அவள் எதிர்பார்த்திருக்கிறாள். அதுவோ மேலே மேலே ஏறியது. "நூல் வழுக்குகிறது, நன்றாகப் பிடியுங்கள்" என்று சொல்லித் தன் ஆள்காட்டி விரலால் அதை லண்டனுக்கும் கீழே தள்ளினாள். தள்ளியதும் நூல் போதவில்லை. என் விரலுக்கடியிலிருந்து முனை உருவிக்கொண்டு வந்தது. விரலை எடுத்ததும் நூல் தானாக வடக்கே ஏறி விறைத்து நின்றது. இரண்டு மூன்று முறை தள்ளிப் பார்த்தாள். பிறகு அமைதியாக அந்த நூல் போகும் வழியை ஒவ்வொன்றாகப் படித்தாள்: பஞ்சாப், கஜகஸ்தான், யூரல் மலைப்பக்கம், நார்வேயின் வடகோடி, கிரீன்லாந்து, கியூபெக், டொராண்டோ.

உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையே இதுதான் குறுக்கு வழி. நீளம் சுமார் 13,390 கிலோமீட்டர். ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, ஏறத்தாழ 74 டிகிரி வடக்கு வரை ஏறி இறங்குகிறது. சுவரில் தொங்கும் தட்டைப் படத்தில் அளவுகோல் வைத்து நேர்கோடு போட்டு, திசைகாட்டியை மாற்றாமல் அந்தக் கோட்டின்படியே போனால் 15,700 கிலோமீட்டர் வரும். 2,300 கிலோமீட்டர் வீண் அலைச்சல். என் மாணவர்களில் பாதிப் பேர் தட்டைப் படத்தைத்தான் நம்பினார்கள். பள்ளியில் இருந்த ஒரே உருண்டையும் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்த ஆண்டுகள் உண்டு. எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.

இந்தக் கணக்குக்கு அடிப்படை ஒன்றே ஒன்று: பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது எத்தனை கிலோமீட்டர்? ஏறத்தாழ 111. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையே 120 டிகிரிக்குச் சற்று மேல். பெருக்கினால் தூரம் வந்துவிடும். அந்த ஒரு டிகிரியின் நீளத்தைச் சரியாக அளந்தே தீருவேன் என்று வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் 1802 ஏப்ரலில் 100 அடி எஃகுச் சங்கிலியோடு வேலையைத் தொடங்கியது எங்கள் பரங்கிமலைப் பக்கத்தில்தான். மலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே, அளவை முழுவதற்கும் ஆதாரமாக, சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு. அங்கிருந்து கிளம்பிய அளவை, அவர் காலத்துக்குப் பிறகும் நீண்டு இமயமலை வரை போனது. எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது எதிரே தெரிவது அந்த மலை. அதன் அடியில் ஓடுபாதை. கனடாவுக்குப் போக இதைவிடப் பொருத்தமான இடத்திலிருந்து யாரும் கிளம்பியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. மனைவி கோலத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறாள். மூன்று மாதம் வாசல் வெறுமையாக இருக்குமே என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் கோலமாவு டப்பாவையும் துளசிமாடத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் ஒப்படைத்தாள். இரவு 2 மணிக்குக் கார் வரும். மெட்ரோ அந்த நேரத்தில் ஓடாது. வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு 5 கிலோமீட்டர்கூட இல்லை.

டிசம்பர் 17 (எழுதுவது மறுநாள், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில்)

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேர் விமானம் கிடையாது. துபாய், தோஹா, ஃபிராங்க்ஃபர்ட், லண்டன் என்று எங்காவது இறங்கி மாற வேண்டும். நான் லண்டன் வழியைத்தான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். காரணம் உண்டு.

சென்னை, லண்டனின் கிரீன்விச் வழியாகப் போகும் சுழியம் டிகிரிக் கோட்டுக்குக் கிழக்கே 80 டிகிரி. டொராண்டோ மேற்கே 79 டிகிரிக்குச் சற்று அதிகம்; 80 என்றே வைத்துக்கொள்ளலாம். தராசின் இரண்டு தட்டுகள் போல ஒரு பக்கம் என் வீடு, மறுபக்கம் மகள் வீடு, நடுவில் லண்டன். இந்தப் பொருத்தம் கண்ணில் பட்ட நாளிலிருந்தே, போனால் இந்த வழியாகத்தான் போவது என்று முடிவுசெய்திருந்தேன். சுற்று வழியும் அல்ல. சென்னையிலிருந்து லண்டன் 8,230 கிலோமீட்டர், லண்டனிலிருந்து டொராண்டோ 5,710. கூட்டினால் 13,940. நூல் காட்டிய குறுக்கு வழியைவிட 550 கிலோமீட்டர்தான் அதிகம்.

5 மணி 40 நிமிடத்துக்கு விமானம் அசைந்தது. மேலே ஏறும்போது ஜன்னலோரம் இருந்த மனைவி எங்கள் தெருவைத் தேடினாள். இருட்டில் கத்திப்பாரா மேம்பாலத்தின் விளக்குச் சுழி மட்டும் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அதற்கே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதிரே இருந்த சின்னத் திரையில் விமானம் நத்தை போல ஊர்ந்தது. அது நேர்கோட்டில் போகவில்லை. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. சண்டை நடக்கும் மற்ற இடங்களையும் ஒதுக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. கணக்கில் வருவது வெறும் பூமி. வானத்துக்கும் இப்போது வேலி உண்டு. சில நூறு கிலோமீட்டர் கூடிப்போய், 10 மணி 55 நிமிடத்தில் லண்டனை அடைந்தோம்.

ஹீத்ரோ விமான நிலையம் கிரீன்விச் கோட்டுக்குச் சற்று மேற்கே இருக்கிறது. கிழக்கிலிருந்து இறங்கும் விமானம் தரையைத் தொடுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு அந்தக் கோட்டைத் தாண்டியாக வேண்டும். மேகம் அடர்ந்திருந்தது. கிடைக்காது என்றே நினைத்தேன். திடீரென்று ஒரு கிழிசல் வழியாக தேம்ஸ் நதியின் வளைவும், அதை ஒட்டிப் பெரிய வெள்ளைக் கூடாரம் போன்ற கட்டடமும் தெரிந்தன. கிரீன்விச் தீபகற்பத்தில் இருக்கிற கட்டடம் அது. சுழியம் டிகிரிக் கோட்டுக்கு வெகு அருகில். "இதோ, இதோ" என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். கரும்பலகையில் அந்தக் கோட்டை ஆயிரம் முறை வரைந்திருப்பேன். அதன் மேலாகப் பறந்தது இதுதான் முதல் முறை.

மனைவியிடம் கைக்கடிகாரத்தைக் காட்டிச் சொன்னேன்: பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம். நாம் கடந்து வந்தது 80 டிகிரியும் கொஞ்சமும். நான்கால் பெருக்கினால் 321 நிமிடம், அதாவது 5 மணி 21 நிமிடம். அதுதான் பழைய 'மெட்ராஸ் நேரம்'. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வுக்கூடத்தில் நட்சத்திரம் பார்த்துக் கணித்த நேரம் அது. ஒரு காலத்தில் இந்திய ரயில்களெல்லாம் அந்த நேரப்படிதான் ஓடின. 1906-இல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வந்து, நம் கடிகாரத்தை 9 நிமிடம் முன்னால் தள்ளி 5 மணி 30 நிமிடம் ஆக்கினார்கள். பழைய ஆய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் பல மொழிக் கல்வெட்டோடு இன்றும் வானிலைத் துறை வளாகத்தில் நிற்கிறது. கேட்டுக்கொண்டே அவள் மணியைக் காலை 11:05-க்குத் திருப்பி வைத்தாள். "வீட்டில் விளக்கு வைக்கும் நேரம் நெருங்குகிறது" என்றாள்.

அடுத்த விமானம் 2:50-க்கு. இடது ஜன்னல் கேட்டு வாங்கியிருந்தேன்.

இந்தப் பகுதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஏறும்போதே சூரியன் தென்மேற்கில் அடிவானத்தை ஒட்டி இருந்தது. லண்டனில் டிசம்பர் நடுவில் நான்கு மணிக்கு முன்பே அஸ்தமனம். மேகங்களுக்கு மேலே வந்ததும் ஆரஞ்சு நிற விளிம்பு ஒன்று விரிந்தது. அயர்லாந்து போயிற்று, விளிம்பு இருந்தது. சாப்பாடு வந்தது, தட்டுகளை எடுத்துப் போனார்கள்; விளிம்பு அப்படியே இருந்தது. நடுக்கடலில் நான் கண் மூடி, ஒரு மணி நேரம் கழித்து விழித்தேன். மனைவி தூங்காமல் ஜன்னலில் நெற்றியை வைத்தபடி இருந்தாள். விளிம்பு கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே அந்திப் பொழுது.

சென்னை இருக்கும் இடத்தில் பூமி மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. இன்று பறக்கும் எந்தப் பயணிகள் விமானமும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. வடக்கே போகப் போக வட்டம் சிறுத்து, 55 டிகிரியில் அந்த வேகம் 950 ஆகிவிடுகிறது. நாங்கள் ஏறத்தாழ 800 வேகத்தில் மேற்கே ஓடிக்கொண்டிருந்தோம். சூரியனைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. ஆலந்தூரில் பரங்கிமலைக்குப் பின்னால் சூரியன் விழுந்தால் அரை மணியில் இருட்டிவிடும். "இவ்வளவு நேரம் சாயங்காலமாகவே இருந்தால் விளக்கை எப்போது ஏற்றுவது?" என்று அவள் கேட்டாள். கனடாவின் லாப்ரடார் கரை வந்து, விமானம் தெற்கே திரும்பிய பிறகுதான் இருட்டு எங்களைப் பிடித்தது.

டொராண்டோவில் இறங்கியபோது அங்கே மாலை 5:45. புறப்பட்டது காலை 5:40, அதே தேதி. கடிகாரத்தை நம்பினால் 12 மணி 5 நிமிடம். உண்மையில் ஆனது 22 மணி 35 நிமிடம். எங்கள் டிசம்பர் 17-க்கு 34 மணி 30 நிமிடம்.

கதவுக்கு அப்பால் மகள் நின்றாள். பேரன் அவள் கோட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். திரையில் தினமும் பார்த்த தாத்தா முழு உயரத்தில் வந்து நின்றதும் கூச்சம். காருக்குப் போய் உட்கார்ந்த பிறகு மெல்லக் கையை நீட்டி என் மீசையைத் தொட்டுப் பார்த்தான்.

டிசம்பர் 18

இரவு 2 மணிக்கு இருவருக்கும் தூக்கம் போய்விட்டது. நம் ஊரில் பகல் 12:30. உடம்பு அதைத்தான் நம்புகிறது. மகளை எழுப்ப மனமில்லாமல் சமையலறையில் சின்ன விளக்கில் காபி போட்டுக் குடித்தோம். மாவடு பாட்டில் கசியவில்லை.

ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று உடம்பு பழகும் என்பார்கள். மேற்கே போகிறவர்களுக்குச் சற்று எளிது. மனித உடம்பின் உட்கடிகாரம் 24 மணிக்குக் கொஞ்சம் அதிகமாக ஓடுவதால், நாளை நீட்டுவது சுருக்குவதைவிட அதற்குச் சுலபம். இங்கே பத்தரை மணி வித்தியாசம், கிட்டத்தட்ட தலைகீழ். மகள் முதல் ஆண்டு முழுக்க அதிகாலையில் போன் செய்தது ஏன் என்று இந்த இரவில்தான் புரிந்தது. எங்களுக்கு வசதியான நேரம் பார்த்து அவள் தூக்கத்தை விட்டிருக்கிறாள். நான் ஒரு நாளும் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

டிசம்பர் 21

இன்று ஆண்டின் மிகக் குறுகிய பகல். ஆலந்தூரில் இன்றும் 11 மணி 20 நிமிட வெயில் உண்டு. இங்கே 9 மணி நேரம்கூட இல்லை.

பனியில் கால் பதித்து நடந்து, தமிழ்ப் பெயர்ப் பலகை போட்ட மளிகைக் கடைக்குப் போனோம். முருங்கைக்காய், கருவேப்பிலை, பனங்கிழங்கு எல்லாம் இருக்கின்றன. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதிருக்கும். "நீங்கள் எத்தனை மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தீர்கள்?" என்று கேட்டார். மணித்தியாலம் என்ற அந்தச் சொல்லைக் காதால் கேட்டதே சந்தோஷமாக இருந்தது. 22 மணி 35 நிமிடம் என்றேன்.

முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டிருந்தவர் கையை எடுக்காமலே சொன்னார்: "எனக்குப் பதினாலு மாதம்." கொழும்பிலிருந்து மாஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின், ரயிலில் மேற்கு பெர்லின், பிறகு ஓராண்டு ஜெர்மனியில் ஒரு முகாம், கடைசியில் மாண்ட்ரியல். 1986-இல் வந்து சேர்ந்திருக்கிறார். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களைக் கஸ் டால்டன் என்ற மீனவத் தலைவரும் அவரோடு இருந்தவர்களும் காப்பாற்றினார்கள். "அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, யாராவது தெரிந்த முகம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். அந்தக் கடலின் வடபுறமாகத்தான் நான்கு நாளுக்கு முன் நாங்கள் சாப்பிட்டு, தூங்கி, அந்தி பார்த்து வந்தோம்.

பனங்கிழங்குக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மனைவி நாளை ஒரு சின்ன டப்பாவில் மாவடு கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாள்.

ஜனவரி 4

பேரனுக்கு ஓர் உருண்டை வாங்கிக் கொடுத்தேன். பாட்டி சேலைத்தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்த அதே பூ நூலை எடுத்துக் கொடுத்தாள். அவனும் நூலைக் கீழே கீழே தள்ளிப் பார்த்தான். கடைசியில் நூல் எங்கே நின்றதோ அந்த இடத்தில் நார்வேயின் வடகோடிக்குப் பச்சைப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான். "இதுதான் பாதி வழி, தாத்தா" என்றான். சென்னையிலிருந்து வந்தால் பாதி வழி அதற்குச் சற்று முன்பே வந்துவிடுகிறது. திருத்த மனம் வரவில்லை. நாளை அளவுகோல் வைத்து அவனையே கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 18, ஆலந்தூர்

திரும்பிவிட்டோம். டொராண்டோவிலிருந்து லண்டனுக்கு 6 மணி 35 நிமிடம். போகும்போது அதே தூரத்துக்கு 7 மணி 55 நிமிடம் ஆயிற்று. பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே போகும் வழிதான் சுருங்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு; காற்றும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கிறது. வித்தியாசத்தைச் செய்வது வானில் சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்றாறு. வடக்கின் குளிருக்கும் தெற்கின் வெப்பத்துக்கும் இடையே பிறந்து, பூமியின் சுழற்சியால் கிழக்கே திருப்பிவிடப்படுகிறது. குளிர்காலத்தில் அது மிகவும் வலுத்திருக்கும். விமானி அந்த ஆற்றில் இறங்கிக்கொண்டார் போலும். திரையில் வேகம் 1,060 காட்டியது. போகும்போது 800-ஐத் தாண்டவே திணறிய அதே வகை விமானம்.

போகும்போது வானில் இருந்தது மொத்தம் 18 மணி 50 நிமிடம். வரும்போது 16 மணி 35 நிமிடம். மகள் வீட்டைவிட்டு வரும் வழி இரண்டேகால் மணி நேரம் குறைவாக இருந்தது மனைவிக்குப் பிடிக்கவில்லை. "போகும்போது அல்லவா காற்று தள்ளியிருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டாள்.

துளசி வாடவில்லை.

மார்ச் 20

தூக்கம் இன்னும் சரியாகவில்லை. விடியற்காலை மொட்டைமாடியில் நின்றிருந்தேன். மனைவியும் காபியோடு ஏறி வந்தாள். 5:45 இருக்கும், லண்டன் விமானம் மேலே ஏறியது. இத்தனை ஆண்டுகள் அது எங்களுக்கு வெறும் சத்தம். இப்போது அதன் சிவப்பு விளக்கு மறையும் வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அங்கே இரவு 8:15. இப்போது அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்துவிட்டதால் வித்தியாசம் ஒன்பதரை மணி. போன் செய்தோம். பேரன் படுக்கையில் இருந்தான், பக்கத்தில் உருண்டை.

"தாத்தா, விமானம் கிளம்பிவிட்டதா?"

"இப்போதுதான் எங்கள் தலைக்கு மேலே போயிற்று."

"இங்கே எப்போது வரும்?"

நான் கணக்குப் போடுவதற்குள் பாட்டி போனை வாங்கிக்கொண்டாள். "நீ தூங்கி எழுந்து, பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து, பால் குடித்து முடிக்கும்போது வந்துவிடும். அவ்வளவு தூரம்தான்" என்றாள்.